நாற்பத்திரண்டும் நாற்பத்துநாலும்

கருங்கல்லில் எனக்கு ரவிக்கை தைக்கும் லில்லிபுஷ்பம்
நாடாவை முதுகில் சுற்றியபடியே கேட்பாள்:
"பிடிச்சு வேணுமா, விட்டு வேணுமா?"
பதினைந்து வருடமாய்ப் பிடித்தே தைத்திருக்கிறேன்.

குளிர்க்கோட்டுக்கு அப்படிக் கேட்க ஆளில்லை.
செல்பேசியில் ஓர் அட்டவணை மட்டும்.
இத்தாலிக்கு நான் நாற்பத்திரண்டு,
பிரான்சுக்கு முப்பத்தெட்டு,
வேலைக்குப் போகிற ஜெர்மனிக்கு முப்பத்தாறு.
விசா வருமுன்பே
எல்லைக்கு எல்லை இளைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய பெயர் போட்ட கோட்டு.
பாதி விலைக்குக் கிடைத்தும்
மார்த்தாண்டம் ஆஸ்பத்திரியில் இரண்டரை மாதச் சம்பளம்.
இரண்டு அளவில் வரவழைத்தேன்,
ஒன்றைத் திருப்ப வேண்டும், பத்து நாள் தவணை.
அம்மா கையை விட்டு அமுக்கிப் பார்த்தாள்:
"வாத்துத் தூவிக்கா இந்த வெலை?
முட்டையும் சேத்தா குடுக்கான்?"

ஆனி மாதம். மழை விட்ட புழுக்கம்.
போட்டுப் பார்த்தால் இரண்டுமே இறுக்கம்.
ஃபேனுக்கு அடியில் நின்றால் இரண்டுமே தொளதொளப்பு.
கண்ணாடிக்கு நாற்பத்திரண்டைத்தான் பிடித்திருந்தது.
இடுப்பு இருக்கிற இடத்தில் இடுப்பு.

எட்டாம் நாள், கூடப் படித்த ததேயுவைக் கூப்பிட்டேன்.
குளச்சலில் மீன் குளிர்கிடங்கில் இருக்கிறான்.
"கோட்டு போட்டுப் பாக்க எடம் வேணும்லே."
சிரிப்பு அடங்க அவனுக்கு நேரம் பிடித்தது.
"மத்தியானம் வா. லோடு இல்ல."

அரிசிச் சாக்கில் கட்டி ஆட்டோவில் கொண்டுபோனேன்.
கனத்த கதவு, தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகள்,
உள்ளே மைனஸ் பதினெட்டு.
கணவாய்ப் பெட்டிகள் கூரை வரைக்கும்.
விறைத்த நெய்மீன்கள் விறகுபோல் அடுக்கி.

நாற்பத்திரண்டில் நாலு நிமிடம் நின்றேன்.
தோள்பட்டை எலும்பு துணியை எங்கே தொட்டதோ
அங்கே ஒரு விரல் வைத்தது குளிர்.
பிறகு முழுக் கையையும்.
"கையத் தூக்கு" என்றான் ததேயு.
தூக்கினேன், டிரிப் பாட்டில் மாட்டுகிற பழக்கத்தில்.
விளிம்பு இடுப்புக்கு ஏறிவிட்டது.
"பாத்தியா, மொத்த கடையும் தொறந்து கெடக்கு."

நாற்பத்துநாலு தோளில் சரிந்தது,
கை மொளி வரை வந்து விரலை விழுங்கியது.
கடன் வாங்கிப் போட்டவள் மாதிரி இருந்திருப்பேன்.
ஆனால் எனக்கும் கோட்டுக்கும் நடுவில்
என் சூடு ஒரு சுற்று நடந்து வர இடமிருந்தது.
மூக்கு மட்டும் ஜெர்மனியில்.

அப்போதுதான் அவன் கோட்டைப் பார்த்தேன்.
கம்பெனி கொடுத்தது. முழங்கையில் சாக்குநூல் தையல்.
நெஞ்சில் மார்க்கர் பேனாவில் 'விக்டரி'
என்று வேறு யாரோ ஒருவருடைய பெயர்.
"ஷிஃப்டுக்கு ஒருத்தன், மூணு பேருக்கு ஒண்ணு."
"ஒனக்கு அளவு?"
"இருக்கியதுதான் அளவு."
சொல்லிவிட்டுப் பெட்டி எண்ணப் போய்விட்டான்.

திருப்பி வாங்க வந்த பையன்
பொட்டலத்தை ஒரு முறை முகர்ந்தான்,
என்னையும் வீட்டையும் பார்த்தான்.
காரணம் கேட்டது செல்பேசி:
அளவு சிறிது, அளவு பெரிது, மனம் மாறியது.
மூன்றையும் அமுக்கத் தோன்றியது.
முதலாவதை அமுக்கினேன்.

போகிற வாரம் பெட்டி கட்டினோம்.
காற்றை உறிஞ்சும் பையில் கோட்டைப் போட்டு
அம்மா முழங்கால் ஊன்றி அழுத்தினாள்.
விட்டு வாங்கிய காற்றெல்லாம் புஸ்ஸென்று போய்
பனங்கிழங்குக் கட்டளவுக்குச் சுருங்கியது
நாற்பத்துநாலு.
பக்கத்தில் நெத்திலிக் கருவாடு, நாலு உறைக்குள்.

காலையில் பார்த்தால் பை லேசாய் உப்பியிருந்தது.
எங்கோ ஓட்டை.
"இன்னொருக்க அமுக்கட்டா?" என்றாள் அம்மா.
வண்டி வாசலில் ஹாரன் அடித்தது.
"கெடக்கட்டும்மா" என்றேன்.